சும்மா ஒரு றேட்

மச்சான், இன்று காலை மழை விட்டதும் கடற்கரைப் பக்கக் குறுகிய ஒழுங்கையால் நடந்தேன். அந்த அரைகுறைக் கட்டடத்தைக் கடக்கும்போது இரும்புக் கறள் மணம் மூக்கில் ஏறியது. மூன்றாம் மாடியோடு நின்றுபோன தூண்களில் கம்பிகள் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளவத்தை முழுக்க ஏதாவது எழும்பிக்கொண்டே இருக்க, இது மட்டும் அப்படியே கிடக்கிறது. உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

சேர்ந்து வீடு கட்டிக் கொடுத்த எங்களுக்குத்தான் அந்த வேலை வந்திருக்க வேண்டியது. வெளிநாட்டிலிருந்த காணிச் சொந்தக்காரர் போனில் சும்மா ஒரு றேட் கேட்டதும், சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ போனைப் பறித்து, தோண்டிப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டோம் என்றாய். தோண்டினால் இடுப்பளவிலேயே தண்ணீர் ஊறியது. அத்திவாரத்துக்கே பெருங்காசு போகும் என்று உள்ளதைச் சொன்னாய். அவர் குறைவாகச் சொன்ன இன்னொருவரிடம் போய்விட்டார். ஓட்டோவில் கிருலப்பனை வரைக்கும் நான் உன்னை ஏசிக்கொண்டு வந்தேன். நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"சதுர அடியெண்டு ஒரு சாமானை எந்தக் கடையிலயும் விக்கிறேல்லையடா."

நீ சொன்னது சரிதான். ஆனாலும் கொஞ்சம் சீனி போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆசையாக வீட்டுப்படத்தை விரித்துக் காட்டுகிறவர்களிடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லுவாய். உன் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்களுக்கு வேலை தராமல் போனவர்கள். அவர்கள்தான் கூடுதலாக அழுதார்கள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். கணவனை இழந்த மகள் பிள்ளையோடு வீட்டுக்கே வருகிறாள், அவளுக்கு மேலே ஒரு மாடி கட்ட வேண்டும். மனைவிக்குச் சீதனமாக வந்த இரத்மலானைக் காணித்துண்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. அவர்களுக்கு மிச்சமிருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

"அந்தக் காசு காணுமோ எண்டு மட்டும் சொல்லும், தம்பி. சும்மா ஒரு றேட். நாளைக்கு அட்வான்ஸ் வாங்கப்போறன்."

என் நாக்கு நுனியில் தொகை வந்து நின்றது. போதும், காணும் என்றுவிட்டால் வேலை என் கையில். எனக்கும் கையில் வேலை இல்லாத நேரம், உனக்குத் தெரியாததா? அதோடு இப்போது சீமெந்துக்குக் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. யார் பிழை பிடிக்கப் போகிறார்கள்? ஆனால் சொல்ல வாய் வரவில்லை. வந்து பார்க்கிறேன், அதுவரை அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு வீட்டில் இருக்கவும் முடியவில்லை, பஸ் ஏறினேன்.

நீ செய்வதுபோல முதலில் ஒழுங்கையைப் பார்த்தேன். லொறி உள்ளே வராது. மணல், கல்லு எல்லாம் தெருமுனையில் கொட்டி, ஆள் வைத்துச் சுமக்க வேண்டும். பிறகு சுவரடியில் தோண்டிப் பார்த்தேன். மாடியில்லாத ஒரு தட்டு வீட்டுக்கென்று போட்ட அத்திவாரம். "மேல்மாடியின்ர விலை கீழதான் கிடக்கு" என்பாயே, அங்கேதான் கிடந்தது. நிலத்திலிருந்து புதிதாகத் தூண் எழுப்ப வேண்டும். போனில் சொல்லும் எந்த றேட்டிலும் அந்தத் தூண்கள் வராது. அவர்களுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையிலேயே இருந்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். வேறு வழியாகவும் கூட்டிப் பார்த்தேன். தொகை இறங்கவில்லை.

"காணாது, ஐயா. கூரை போட முதலே காசு முடிஞ்சிடும்."

எனக்கும் சீனி போடத் தெரியவில்லை, பார்த்தாயா.

அவர் முகம் கறுத்துப்போனது. இன்னொருவர் தாராளமாகக் காணும் என்றாராம். வந்து பார்த்தாரோ என்று கேட்டேன். போனில்தான் என்றார். அதன்பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவிதான் கேட்டார்.

"காணியை விக்காமல் ஒண்டும் செய்யேலாதோ, தம்பி?"

பின்பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைத் திருத்தி, ஒரு பாத்றூமும் கட்டினால் மகளும் பிள்ளையும் இருக்கலாம், சுவர் கட்ட ஒரு மேசன் போதும், காணியில் கை வைக்கத் தேவையில்லை என்றேன். என் வேலைக்கு நானே மண் போடுகிறேன் என்று சொல்லும்போதே தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் உன்னைத்தான் ஏசினேன்.

இன்று மத்தியானம் அந்த அம்மா போன் எடுத்தார். காணியை விற்கவில்லையாம். மேசன் பிடித்தாயிற்றாம். மகள் அடுத்த மாதம் வருகிறாளாம். சொல்லும்போது அழுதுவிட்டார்.

போனை வைத்த பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நீ இருந்தால் "நல்லது" என்று ஒரு சொல்லோடு சோற்றைப் பிசைந்திருப்பாய். நான் உன்னோடு சண்டைக்கு நின்றிருப்பேன். எனக்கு வந்த வேலையைக் கெடுக்க இப்போது நீ இல்லை, மச்சான். நானே கெடுத்துக்கொள்கிறேன்.