பெல்ட் தைத்த நண்பனுக்கு

எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்புகள்.

1. இன்று காலை மாவு மில்லில் நான் போட்ட கூச்சல்.
2. உன் அப்பா உன்னை அழைத்துப்போக வந்த நாள்.
3. உனக்கென்று ஒரு வேலை வாய்த்தது, எனக்கு வாய்க்கவில்லை என்பது.

கோதுமை அரைக்கப் போயிருந்தேன். சூடேறிய தோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. உன் சட்டையின் வாசனை. கூடவே சத்தம்: மோட்டாரின் தோல் பெல்ட்டில் முனைகள் சேரும் ஒட்டு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டப்' என்று ஓர் அடி. பக்கத்திலேயே ஒரு பெண் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"பெரியவரே, மாவு அரைக்க வந்தீகளா, மில்லை வெலை பேச வந்தீகளா?" என்றார் மில்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவர் மோட்டாரை நிறுத்தும்வரை நகரவில்லை.

ராஜபாளையம் பஞ்சாலையில் நாம் இருவரும் ஒரே நாளில் குமாஸ்தாக்களாகச் சேர்ந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் இரண்டு சைக்கிள்கள்; வலப்பக்கம் மலை கூடவே வரும். சர்ச்சில் உபதேசியாரான உன் அப்பா, நீ பிறக்குமுன்பே உன்னைச் சபை ஊழியத்துக்கென்று பொருத்தனை செய்து நேர்ந்துவிட்டிருந்தார். நீ மறுத்ததில்லை. "ஆண்டவரு அழைப்பு வந்தா போயிருவேன்லே. இன்னும் ஒண்ணும் கேக்கலியே" என்பாய்.

பிறகு அந்த விபத்து. சரியாகத் தைக்காத ஒட்டு பிய்ந்து, பெல்ட் சுழன்றடித்து, நூல் சுற்றிக்கொண்டிருந்த மம்சாபுரத்துப் பெண்ணின் கை ஒடிந்தது. எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும், அறுந்த முனையின் துளைகளைப் பார்த்தபடி நீ நின்றாய். மறுவாரம் நாற்காலியை விட்டுவிட்டு, பெல்ட் தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாய்.

"தொரை மாதிரி இருந்தவரு தோலைத் தைக்க வாராரு" என்று மில்லில் சிரித்தார்கள். உன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வரைதான் கெடு என்றார் உன் அப்பா. கெடு முடிந்ததும் உன்னை அழைத்துப்போக டிரங்குப் பெட்டியோடு மில்லுக்கே வந்துவிட்டார்.

"பொறக்குமுன்னாலயே ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளைலே நீ. இங்க வந்து தோலைத் தச்சிக்கிட்டு இருக்கே."

"அழைப்பு வரட்டும்ப்பா, வாரேன்."

"இந்த மிஷின் சத்தத்துல அது எங்கலே கேக்கும்?"

"செத்த நேரம் இருங்க, பாதியில கிடக்கு" என்று உள்ளே போனாய். அவரும் நானும் கதவோரம் நின்றோம். பெல்ட்டின் இரு முனைகளையும் இணைக்கும் தோல்வார், சக்கரத்தைத் தொடும் பக்கம் குறுக்கே விழாமல் நேராகப் போகும்படி தைத்தாய். தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாய். பெல்ட் ஓடியது. ஜெபத்தில் நிற்பவரைப் போல் உன் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒட்டு எங்கலே? சத்தத்தையே காணோம்?"

"கேக்கக் கூடாதுப்பா. கேட்டா யார் மேலயோ அடி விழப்போவுதுன்னு அர்த்தம்."

அவர் உன் தலையில் கைவைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினார்.

உனக்கு அழைப்பு வந்துவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். மேசையில் வருகைப்பதிவு எழுதிய எனக்கு உன்மேல் பொறாமை. ஒருமுறை கேட்டும்விட்டேன். "அழைப்பும் இல்ல, ஒண்ணும் இல்லலே. அந்தப் பொம்பளை கை கண்ணுக்குள்ளயே நின்னுச்சு, தச்சேன். தைக்கத் தைக்கப் பிடிச்சிப்போச்சு" என்றாய். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சோற்றுக்கு உன்னிடம் வரும்போதெல்லாம் என் கண்ணைப் பொத்தி, "எந்த பெல்ட்டுலே சத்தம் போடுது?" என்பாய். நான் கைகாட்டுவேன். நம் விளையாட்டு அது என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன்.

இன்று மில்காரர் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு துளைகள் கிழிந்து, வார் ஒரு நாரில் தொங்கியது. அவர் தூக்குவாளிப் பெண்ணை அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்.

மேலே மூன்றாவதாக எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீ பார்க்க வேண்டுமென்று. அது தவறு. எனக்குத் தைக்கத் தெரியாது; ஆனால் நீ கண்ணைப் பொத்திப் பழக்கிய காதால் கேட்கத் தெரியும்.