எரியாத மஞ்சள் விளக்கு

மார்ச் 4

பெரிய பேரன் கணக்கில் பள்ளிக்கே முதல். சின்னவன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம். மகள் வயிற்றுப் பேத்தி பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். சொந்தச் சம்பளத்தில் பைக் வாங்கப் போகிறாள். நெடுந்தூரம் போகிற பெரிய வண்டி, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழசு. நான் அஞ்சாம் கிளாஸ். என் பிள்ளைகளைப் பார்!

மார்ச் 9

பேத்தி விட்டுப்போன பைக் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. ஏபிஎஸ் என்று ஒன்று. ஈரத்தில் பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதாம். சாவி போட்டதும் அதன் மஞ்சள் விளக்கு எரியணும், வண்டி நகர்ந்ததும் அணையணும். அணையாவிட்டால் ஏபிஎஸ்ஸில் கோளாறாம். ஒப்பித்துக் காட்டினேன். “பாட்டி, நீ மெக்கானிக்காவே ஆயிட்ட” என்று சிரித்தாள்.

மார்ச் 15

வண்டி பார்க்கப் போனோம். விற்கிறவர் சாவி போட்டார். “பாருங்க, ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியல. சுத்தமான வண்டி.” மருமகன் தலையாட்டினார். பேத்தியின் கண் டேங்க்கின் நீல நிறத்திலேயே இருந்தது.

மஞ்சள் விளக்கு எரியவே இல்லையே? கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நின்றேன். சொல்லலாமா? மருமகன் எதிரில்... பேசாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நாளைக்கே மலைப்பாதை வழியாக வேலையிடத்துக்குப் போகிறாளாம். நாள் முழுக்க மழை.

மார்ச் 17

நான் எழுந்திருக்குமுன் கிளம்பிவிட்டாள். வாசல் ஈரத்தில் சக்கரத் தடம் மட்டும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள்ள எப்படிக் கேட்கும்?

மகளிடம் சொன்னேன். “ஏம்மா, அங்கயே வாயத் தொறக்கறதுக்கென்ன?”

சிரிப்பாங்கன்னு பயந்தேன். அதான். பேத்தி உசுரைவிட என் மானம் பெரிசாப் போச்சா?

எட்டேகால் — இன்னும் எடுக்கவில்லை.

ஒன்பது பத்து — எடுத்துட்டா! மலையடிவாரத்தில் பெட்ரோல் போட நிற்கிறாள். “என்ன பாட்டி, பன்னெண்டு தடவ கூப்பிட்டிருக்க?”

“சாவியப் போட்டுப் பாருடி. மஞ்ச விளக்கு எரியுதா?”

சாவி திருப்புகிற சத்தம் கேட்டது.

“எரியல பாட்டி.”

“மல ஏறாத. அங்கயே நில்லு.”

மார்ச் 18

அடிவாரத்து மெக்கானிக் மீட்டரைக் கழற்றினாராம். விளக்கின் மேல் உள்பக்கமாகக் கறுப்பு டேப். முன்சக்கரத்து சென்சார் ஒயர் அறுந்து கிடந்ததாம். அது தெரியாமலிருக்கத்தான் டேப்!

“யாரும்மா கண்டுபிடிச்சது?” என்று அவளைக் கேட்டாராம்.

“எங்க பாட்டி.”

“எந்த ஒர்க்‌ஷாப்ல இருக்காங்க?”

மருமகனிடம் இதை இரண்டு தரம் சொன்னேன்.

மார்ச் 26

ஒயர் மாற்றி, டேப்பை உரித்து, மலை தாண்டிப் பத்திரமாகச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கடிதம் எழுதினேன். புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பச் சொன்னேன். போனில் வேண்டாம், கையில் வைத்துப் பார்க்கணும். வண்டிமேல் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரி எடுக்கணும். ஹெல்மெட் கையில் இருக்கட்டும், முகம் தெரியணும். சாவி போட்டிருக்கணும், வண்டி நகரக் கூடாது.

மஞ்சள் விளக்கு எரிவதும் அதில் விழணும்.