சமாளிக்கிறோம்

சுங்கை பினாங்
7 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி கமாலுக்கு,

ஸலாம். நீயும் ஹனாவும் பிள்ளையும் நல்லா இருக்கணும். நாலு தடவை கூப்பிட்டிருக்கே, வேணும்னுதான் எடுக்கல. ஃபோன்ல பேசினா பேசியே என்னை அடக்கிடுவே. அதனால எழுதுறேன்.

பெருநாளுக்கு முந்தின வாரம் கேமராவோட என் நாசி லெமாக் சோத்துக் கடைக்கு வந்தே. கால் மணி நேரம் பேசினேன். முட்டை விலை, கண்ணுல படாத மானிய எண்ணெய், ஒரு பொட்டலம் வாங்கி ரெண்டு பிள்ளைக்குப் பிரிச்சுக் கொடுக்கிற அம்மாமார், எல்லாம் சொன்னேன். "சமாளிக்கிறோம் சமாளிக்கிறோம்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்றது?"ன்னு கேட்டேன். உங்க டிவியில வந்தது "சமாளிக்கிறோம்" மட்டும்தான். அதுக்கு மேல, மக்கள் விலையேற்றத்துக்குப் பழகிட்டாங்கன்னு ஒரு பொம்பளைக் குரல்.

பக்கத்து வீட்டுக் காமாட்சி, மலிவு விலைச் சாமான் லாரி எங்க ஃபிளாட்டுக்கும் வரணும்னு வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்கினவ. அவ புருஷனுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்துல, "உங்க ஃபிளாட்டு அம்மாவே சமாளிக்கிறோம்னு டிவியில சொல்றாங்களே லா"ன்னு சிரிச்சிருக்காங்க. லாரி வேற இடத்துக்குப் போயிடுச்சு. நேத்து லிஃப்டுல என்னைக் கேட்டா: "உனக்கு எவ்வளவு கொடுத்தாங்க, நூர்ஜான்?"

நான் என்ன பதில் சொல்ல?

அக்கா
நூர்ஜான்

கோலாலம்பூர்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் முழுவதையும்தான் கொடுத்தேன். வெட்டியது மேலே இருப்பவர்கள். ஒரு செய்திக்கு ஒன்றரை நிமிடம்தான் தருவார்கள். காமாட்சி அக்காவிடம் நானே பேசுகிறேன்.

ஒரு வேண்டுகோள். கோபத்தில் ஃபேஸ்புக்கில் எதையும் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள், பாதி பொய். இங்கே ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது. வாடகை ஏறிவிட்டது. ஹனாவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. நல்லவேளை, நீங்கள் என் அக்கா என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது.

தம்பி
கமால்

சுங்கை பினாங்
21 ஏப்ரல் 2025

கமாலுக்கு,

நல்லவேளைன்னு எழுதியிருக்கே. அந்த வரியிலயே நின்னுட்டேன்.

வாட்ஸ்அப் பொய்தான். அரிசி கிடைக்காமப் போகுதுன்னு எவனோ போட்டான், நாங்க எல்லாரும் ஓடினோம், ஏமாந்தோம். ஆனா விலை இறங்கிடுச்சுன்னு மேலேயிருந்து சொன்னதையும் நம்பித்தானே பசாருக்குப் போனேன்? எங்க இறங்குச்சு? கடைசியில என் வாயை வச்சே என்னைப் பொய்யாக்கிட்டாங்க. இனி யாரைத்தான் நம்புறது?

காமாட்சி இப்ப ஒன்பது மாடியும் படியிலதான் இறங்குறா. லிஃப்டுல நான் இருப்பேனாம்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வெட்டினது யாரு? அல்லாஹ் அறிய, பேரைச் சொல்லு.

நூர்ஜான்

கோலாலம்பூர்
2 மே 2025

அக்கா,

பேர் கேட்டீர்கள். கமால்.

யாரும் வெட்டச் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். போன வருடம் எங்கள் ஆபீசில் ஒருவர் இப்படி ஒரு பேட்டியை முழுசாகப் போட்டார். அடுத்த மாதமே அவரை வானிலை அறிக்கைக்குத் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து என் கை தானாக வெட்டுகிறது. செய்தி மேலே போகும்போது அவர்கள் வெட்ட எதுவும் மிச்சமிருப்பதில்லை. உங்களிடம் பொய் சொன்னேனே, அது இதைவிட மோசம்.

முழுப் பதிவையும் பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன். வெளியே வந்தால், கொடுத்தது யார் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இனி உங்கள் இஷ்டம்.

கமால்

சுங்கை பினாங்
11 மே 2025

தம்பி,

காமாட்சி கதவைத் தட்டி, "கால் மணி நேரம் எனக்காகப் பாரு"ன்னு கெஞ்சினேன். அவ வீட்டு டிவியில போட்டோம். பக்கத்து வீட்டு ஆளுங்களும் வந்து நின்னாங்க. நான் பேசினது அத்தனையும் இருந்துச்சு. நடுவுல உன் குரலும் இருந்துச்சு: "அக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்க." நானும் சிரிச்சிருக்கேன், நீ கேட்டேங்கிறதுக்காக. எனக்கே மறந்துபோச்சு.

முடிஞ்சதும் காமாட்சி எழுந்து போனா. டீ கலக்கி என் கையில கொடுத்தா.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஃபேஸ்புக்குல போடப்போறோம். ரெண்டு நாள் நான்தான் வேணாம்னு தடுத்தேன். லிஃப்டு கெட்டிருந்த அன்னிக்கு, வேற இடத்து லாரிக்குப் போய் அரிசியோட வந்த காமாட்சி புருஷன் படியில ஏற முடியாம உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்புறம் தடுக்க வாய் வரல. அதுக்குள்ள உன் ஆபீசுல நீயே சொல்லிடு. இன்னொருத்தன் காட்டிக்கொடுத்து நீ தலைகுனியக் கூடாது. வேலை போனா ஹனாவையும் பிள்ளையையும் கூட்டிட்டு வா. ஒரு ரூம் இருக்கு.

மன்னிச்சிட்டியான்னு மட்டும் கேக்காதே. எனக்கே இன்னும் தெரியல.

அக்கா

கோலாலம்பூர்
19 மே 2025

அக்கா,

இன்று காலை செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். "நான் உங்களை எதையும் வெட்டச் சொன்னதே இல்லையே, கமால்" என்றார். உண்மைதான். என் ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். முடிவைக் கடிதமாக அனுப்புவார்களாம். ஹனா இன்னும் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை போடுங்கள். எந்த இடத்தையும் வெட்டாதீர்கள். உங்களைச் சிரிக்கச் சொன்ன இடத்தையும்.

கமால்