சிலேட்டுக் குச்சியைக் கீழே வைக்கும் நேரம்

நேற்று மாலை பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அந்தோணி குடும்பத்தார் செபத்தை முடித்துப் பாட்டு எடுத்தார்கள். என் கை தானாக நின்றுவிட்டது. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, கை வலிக்குதா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்னைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒருமுறை என் வாயால் முழுசாகக் கேள். உயிரோடு இருந்தவரை நான் எதைத் தொடங்கினாலும் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்களே, அந்த வேலிக்குள்தான் நம் பள்ளிக்கூடமும் இருந்தது. சுவரே இல்லாத ஒரே நீளக் கொட்டகை. இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. பள்ளிக்கூடத்துக்கு நாம் இருவர்தான் டீச்சர்மார். ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. சுவரில் என் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உன் மாதா படம். வயதில் மூத்தவள் என்று என்னை அக்கா என்பாய், நான் சொன்னதை மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டாய்.

மாரியம்மன் கோயில் வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. மாலையானால் கேட் பூட்டிவிடுவார்கள். பொங்கல் வைக்க ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் படித்துவந்த சமய வகுப்பு நின்றுபோனது. உங்கள் பக்கமும் அதே கதிதான். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வந்துகொண்டிருந்த உபதேசியார், ரோட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு வருவதே இல்லை.

கோயில் கமிட்டித் தலைவர் பெரிய கங்காணி. அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார்: வெள்ளிக்கிழமை கடைசிப் பாட நேரம் இனிமேல் சமய வகுப்பு, நான் நடத்தவேண்டும், வேதக்காரப் பிள்ளைகள் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். எனக்கு வந்தது பார் கோபம். "கணக்கும் எழுத்தும் சொல்லிக்குடுக்கவே நேரம் பத்தல, இதுல சாமியையும் இழுத்துட்டு வராங்க" என்று குவார்ட்டர்ஸில் பாத்திரத்தை உருட்டினேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாய்: "வெளிய எடமில்லாமப் போச்சு, உள்ளதானே வரும் அக்கா. வரட்டும். ஆனா வந்தா எல்லாருக்கும் வரணும்."

வெளியே என்றால் எங்கே? வேலியோரத்து மாமரத்தடிதான். முதல் வெள்ளிக்கிழமையே காவலுக்கு நின்ற போலீஸ்காரன் வேலிப் பக்கம் யார் என்று அதட்ட, பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். செசிலி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். உன் வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான். அன்று சாயங்காலம் அவள் அப்பா சவரிமுத்து நம் வாசலில் வந்து நின்றார். ரப்பர் பால் வாளி கையிலேயே இருந்தது.

"டீச்சர், சாமி பாடம் நடக்கறப்ப எம்புள்ள வெளிய நிக்கணும்னா, அவளுக்கு ஸ்கூலே வேணாம். மாசம் பொறந்ததும் புல்லு வெட்டுற கும்பல்ல பேரு குடுத்துடறேன். அங்க யாரும் அவள வெளிய போன்னு சொல்லமாட்டாங்க."

அவர் போன பிறகும் நீ வாசலிலேயே நின்றாய். அன்றைக்கு நீ அழுததை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் உலையில் அரிசி போட்டேன். உன் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ யாரையும் கேட்கவில்லை. வேதக்காரப் பிள்ளைகளை உன் முனையிலேயே உட்காரவைத்து உங்கள் பாட்டைத் தொடங்கிவிட்டாய். அங்கேதான் நம் இரண்டு பேருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. சுவரில்லாத கொட்டகையில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு! உன் பக்கம் சத்தம் ஏற ஏற, என் பக்கம் அதைவிட ஏறியது. நானே கையை ஆட்டி ஆட்டி ஏற்றிவிட்டேன். "மெதுவாப் பாடுங்கடா" என்று கடைசியில் அதட்டினால், ஒரு வாண்டு எழுந்து, "நம்ம சாமிக்குக் கேக்கணும்ல டீச்சர்?" என்றது. உன் பக்கத்தில் ஒருவன் நரம்பு புடைக்கக் கத்தி, இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான்.

பெரிய கங்காணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "என்னம்மா இது, பள்ளிக்கூடமா மீன் பாசாரா? ஒரே கொட்டாயில ரெண்டு சாமி சரிப்படாது. அந்தம்மா கிளாஸ நிறுத்துங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். திறந்திருந்தால் அன்றோடு நம் இருவர் வேலையும் போயிருக்கும். நீ என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அவர் முன்னால் போய் நின்றாய்.

"ஐயா, ஒரு வாரம் குடுங்க. அடுத்த வெள்ளிக்கெழம நீங்களே வந்து ஒக்காந்து பாருங்க. சரியில்லன்னா நானே நிறுத்திடறேன்."

மாசம் பிறக்க அந்த ஒரு வாரம்தான் பாக்கி. நிறுத்தினால் செசிலி புல் வெட்டப் போய்விடுவாள், அது நம் இருவருக்கும் தெரியும், லயமெல்லாம் பேச்சாகிவிட்டதால் கங்காணிக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க நீ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் பழக்கினாய். ஒரு பக்கம் பாடும்போது மறுபக்கம் சிலேட்டுக் குச்சியைக் கீழே வைக்கவேண்டும். கண்ணை மூடவேண்டாம், கும்பிட வேண்டாம், கேட்டால் போதும். "இதுல என்னடி பாடம் இருக்கு?" என்றேன். "கேக்கறதும் பாடந்தான் அக்கா. நமக்குத்தான் யாரும் சொல்லிக்குடுக்கல" என்றாய்.

கங்காணி வந்தார், முன் பெஞ்சில் குடையை ஊன்றி உட்கார்ந்தார். முதலில் என் பிள்ளைகள் பாடினார்கள். உன் பக்கம் ஒரு குச்சிச் சத்தம் இல்லை. அடுத்து உன் முறை. செசிலி ஒருத்தியை மட்டும் எழுப்பினாய். முட்டியில் கட்டோடு நின்று பாடினாள். என் பக்கத்து வாண்டுகள் வாயைப் பிளந்து கேட்டன. கொட்டகைக்கு வெளியே வாளியோடு சவரிமுத்து நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன். கங்காணியும் கவனித்திருக்கவேண்டும்.

பாட்டு முடிந்ததும் கங்காணி எழுந்தார். அவரைத் தெரியாதா, நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும். வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். "நம்ம புள்ளைங்களுக்குச் சுதியே சேரலம்மா. அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க. அந்தப் புள்ளைக்கு முன்னால நம்ம மானம் போகக்கூடாது." வெளியே நின்ற சவரிமுத்துவிடம், "பாட்டுப் படிக்கிற புள்ளைய புல்லு வெட்ட அனுப்பாதய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நீ சிரித்த சிரிப்பில் லயமே திரும்பிப் பார்த்தது.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தார்கள், கோயில் திறந்தது, உபதேசியார் வந்தார். வெள்ளிக்கிழமைப் பாடம் மட்டும் நிற்கவில்லை, பிள்ளைகள் விடவில்லை. செசிலி டீச்சராகிக் கோலா கிளாவாங் பக்கம் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். நீ போன சேதியை எனக்குப் போனில் சொன்னவளும் அவள்தான். உன் அடக்கப் பூசையில், செசிலி அன்று பாடிய அந்தப் பழைய பாட்டைப் பாடினார்கள். பின்வரிசையில் பெரிய கங்காணியின் பேரன், நெற்றியில் திருநீறோடு, அதை ஒரு வார்த்தை விடாமல் பாடினான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "அப்பா வீட்ல பாடுவாரு பாட்டி. சின்னதுல ஸ்கூல்ல கேட்டதாம்" என்றான்.

என் பேத்தி பள்ளிக்கூடத்தில் இப்போது சமயத்துக்கு ஒரு அறை, நன்னெறிக்கு இன்னொரு அறை. நடுவில் நல்ல செங்கல் சுவர். பரவாயில்லை, சுவர் இருந்தாலும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

இதுவரை எழுதி இரண்டு நாள் ஆகிறது. இதையெல்லாம் நேற்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மருமகளிடமும் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்க, நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி வீட்டில் பாட்டு எடுத்தார்கள். நான் பூண்டைக் கீழே வைத்தேன். அவள் கத்தியும் நின்றிருந்தது. பாட்டு முடிந்ததும், "இப்ப நறுக்கலாமா அத்தை?" என்றாள்.