கிசித்தோ அழும் பாஷை

ஜனவரி 11, 2009, ஞாயிறு

பூசை முடிந்து, லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து, அக்காவுக்குச் சோறு கொடுத்துவிட்டு, சரியாக ஒரு மணிக்குப் போன் எடுத்தேன். இங்கே ஒரு மணி என்றால் உகண்டாவில் நாலு. நான் வேலை செய்யும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் விடுதியில், சிஸ்டர் இமாகுலேட்டின் கந்தோர் வாசலில் என்னுடைய பதினொரு பிள்ளைகளும் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். ஒன்பது வருஷமாகக் குளிக்க வார்த்து, பேன் பார்த்து, சனிக்கிழமைகளில் கால்விரலுக்குள் புகுந்த மண்தெள்ளை ஊசியால் கிண்டி எடுத்தவளுக்கு இப்போது கிடைப்பது இந்தப் பதினொரு நிமிடம்தான்.

சில்வியா பல் விழுந்த கதை சொன்னாள். போஷோமாவில், அதுதான் களி கிண்டுகிற சோளமாவில், புழு என்று ஜோசப் முறைப்பாடு. கடைசி ஆள் கிசித்தோ, ஐந்து வயது. மற்றவர்கள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள், அவன் மட்டும் தமிழ்.

"அம்மா, எப்ப வாறீங்கள்?"

"ஈஸ்டருக்கு வாறன் அப்பன்."

"ஈஸ்டர் நாளைக்கோ?"

பின்னால் சமையல்கார நக்காத்தோ சிரிப்பது கேட்டது. அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் அவன் தமிழ் கதைத்தால் எப்போதும் சிரிப்பாள்.

ஆறு மாதம் என்று சொல்லித்தான் சிஸ்டரிடம் லீவு வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவவேண்டும். அத்தான் கடையை விட்டுவிட்டு வர ஏலாது. விட்டுவிட்டுப் போகலாமா? அதுவும் ஏலாது.

பெப்ரவரி 2, திங்கள்

பனி. ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வாகனமும் வரவில்லை, அக்காவின் கால் வீங்கிவிட்டது. இந்த வெள்ளையைக் கிசித்தோவுக்கு எப்படிச் சொல்லுவது என்று ஜன்னலில் நின்று யோசித்தேன். வானத்திலிருந்து போஷோமா கொட்டுகிறது என்று சொல்லலாம். அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று வரிசை தொடங்க முன்னர் சிஸ்டர் தானே போனை எடுத்தார். உகண்டாவின் வடக்கில் சண்டை ஓய்ந்துவிட்டதாம், அகதி முகாம்களிலிருந்து சனங்கள் ஊருக்குத் திரும்புகிறார்களாம். பிள்ளைகளின் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கிறார்கள். பிள்ளை விடுதியில் வளருவதைவிடச் சொந்தத்தில் வளருவது நல்லது என்று சபை முடிவெடுத்திருக்கிறது. என்னுடைய பிள்ளைகள் இருக்கும் சின்னவர் வீட்டை ஜூனில் மூடுகிறார்கள்.

"கிசித்தோவுக்கும் ஆள் இருக்கிறது டொலறஸ். தாயின் தங்கை. முகாமில் ஏழு வருஷம் இருந்தவள், இப்போது சொந்தக் காணிக்குப் போய்விட்டாள்."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

இன்று வரிசையில் ஒன்பது பேர்.

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலோரம் இருந்து எழுதுகிறேன். நேற்றுச் சிஸ்டருக்கு எடுத்து, அவனை நானே வளர்க்கிறேன் என்றேன். எங்கே வைத்து, என்று கேட்டார். சின்னவர் வீடு இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. இங்கேயோ, அக்கா வீட்டு முன்னறைச் சோபாவில் படுக்கிறவள் நான். ஐம்பது வயது, கலியாணம் இல்லை. நானே அதிகாரியாக இருந்தாலும் எனக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கமாட்டேன்.

அக்காவுக்குச் சொன்னேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தாயின்ர தங்கச்சி எண்டால் சின்னம்மா எல்லோ? அவளுக்குத்தான் உரிமை. நீ ஆர்?"

வேண்டுமென்று சொல்லவில்லை அவள். ஊசி ஏற்றிய எரிச்சல். ஆனாலும் வெளியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

வரிசையில் ஐந்து பேர். கிசித்தோ போனுக்கு வரமாட்டேன் என்று மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டானாம். சரிதான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்றது ஆர்? நான்தான்.

மே 17, ஞாயிறு

கோவிலில் இருக்க இடம் இல்லை. எல்லாரும் வன்னியை நினைத்து அழுகிறார்கள். எனக்கும் அழுகைதான். வலைஞர்மடத்தில் இருந்த எங்கள் சித்தப்பா குடும்பத்திடமிருந்து பதினைந்து நாளாக ஒரு சேதியும் இல்லை. மன்றாட்டுக்குப் பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். சித்தப்பா குடும்பத்தின் பெயர்களை எழுதிவிட்டுக் கீழே 'கிசித்தோ' என்றும் எழுதினேன்.

வாசிக்க வந்த லூர்தம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். "பிள்ளை, இது ஆர்? எங்கட ஆளே?"

"ஆபிரிக்காப் பிள்ளை, அக்கா. சொந்தக்காரரிட்டை அனுப்பப் போறாங்கள்."

"சொந்தக்காரரிட்டைத்தானே போறான்?" என்றார். கோபமாக இல்லை. துண்டைத் திருப்பி என் கைக்குள் வைத்தார். "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. இங்கை எத்தினை சனம் ஆரைத் தேடுறதெண்டு தெரியாமல் நிக்குதுகள்."

அவர் சொன்னது பிழையில்லை. சித்தப்பா குடும்பத்தின் பெயர்களை வேறு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் பெயரைக் கைப்பைக்குள் போட்டேன்.

ஜூன் 6, சனி

போய்விட்டான்.

சமூக சேவையாளர் கிறேஸ் வந்து கூட்டிக்கொண்டு போனாளாம். நான் இங்கேயிருந்து அனுப்பிய நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு, தானே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினானாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள், இவன் ஒருவன்தான் சிரித்துக்கொண்டு போனான் என்று சிஸ்டர் ஆறுதலுக்குச் சொன்னார். பிறகு நக்காத்தோ போனை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிச்சத்தைச் சொன்னாள். பஸ் லண்டனுக்குப் போகிறது என்று நினைத்தானாம். எனக்குக் கொடுக்க இரண்டு வாழைப்பழம் கேட்டு வாங்கினானாம்.

ஐயோ, ஆரும் சொல்லேல்லையே அவனுக்கு. ஒருத்தரும் சொல்லேல்லையே.

ஜூன் 21, ஞாயிறு

கிறேஸ் வடக்கிலிருந்து எடுத்தாள். பிள்ளை சாப்பிடுவதில்லை, இரவில் எழும்பி அழுகிறான். என்ன சொல்லி அழுகிறான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே பேசுவது அச்சோலி. விடுதியில் பேசிய லுகாண்டாவே அவர்களுக்கு விளங்காது. இவன் அழுவதோ லுகாண்டாவும் இல்லை. ஏதோ பேய் பிடித்த பிள்ளை என்று அயலில் கதைக்கிறார்களாம். சிஸ்டரிடம் கேட்டபோது, அது டொலறஸின் பாஷை என்றாராம்.

"சில சொற்களைச் சொல்லுங்கள், எழுதி அந்த அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்றாள்.

சொன்னேன். தண்ணி. பசிக்குது. வயித்துக்குத்து. மூத்திரம். பயமாக்கிடக்கு. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லி, ஆங்கிலத்தில் அர்த்தம் கேட்டு எழுதினாள். "'அம்மாட்டைப் போவம்', இதை அடிக்கடி சொல்கிறான், இது என்ன?" என்று கேட்டாள். அதற்கும் அர்த்தம் சொன்னேன்.

உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும். எட்டு மாதக் குழந்தையாக, சளி பிடித்து, சாகக் கிடந்தவனை என் அறையில் வைத்துக்கொண்டேன். அதில் குற்றம் இல்லை. ஆனால் அவன் சுகமான பிறகும் அங்கேயே வைத்திருந்தேன். எனக்குத் தமிழில் கதைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மன்னாரை விட்டுவந்து நாலு வருஷம், கனவில்கூட ஆங்கிலம். அவன் முதன்முதல் "ஓம்" என்றபோது நான் அழுதேன், சந்தோஷத்தில். சிஸ்டர் இரண்டு தரம் சொன்னார்: "டொலறஸ், இந்தப் பிள்ளை இங்கே வாழவேண்டியவன்." நான் சிரித்துச் சமாளித்தேன்.

அவனுக்கு ஒரு பாஷை கொடுத்தேன் என்று பெருமைப்பட்டேனே. உலகத்தில் ஒரே ஒருத்தியோடு மட்டும் கதைக்கக்கூடிய பாஷை. அந்த ஒருத்தியும் எழும்பி வந்துவிட்டாள்.

ஜூலை 5, ஞாயிறு

சிஸ்டர் மெதுவாகத்தான் சொன்னார். கிறேஸின் போனில் என் குரலைக் கேட்ட அன்று முழுக்க அவன் வாசலை விட்டு அசையவில்லையாம். கிறிஸ்மஸ் வரைக்கும் போன் எடுக்கவேண்டாம். அவன் அங்கே ஊன்றவேண்டும், அதற்காகச் செபியுங்கள் என்றார். சரி என்றேன்.

ஓகஸ்ட் 15, சனி

மாதா திருநாள். சித்தப்பா செட்டிக்குளம் முகாமில் உயிரோடு இருக்கிறாராம், சித்தியும் பிள்ளைகளும் இல்லை. அத்தான் செய்தியைச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 18, ஞாயிறு

ஒரு மணி ஆனதும் கை தானாகப் போனுக்குப் போகிறது. இன்று அக்கா கண்டுவிட்டாள். "எடியே, எடு. சிஸ்டருக்கு ஆர் சொல்லுறது?" என்றாள். நான் எடுக்கவில்லை. எழும்பிப்போய் உடுப்பு மடித்தேன்.

டிசம்பர் 27, ஞாயிறு

கிறேஸ் கொடுத்த நம்பர், அயல்வீட்டுக்காரரின் போன். நாலு தரம் எடுத்த பிறகு சின்னம்மாக்காரி வந்தாள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிகிறது. கிசித்தோ என்றேன், அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு நினைவு வந்து, ஒகொட் என்றேன். தாய் வைத்த பெயர்.

"ஓ, ஒகொட்!" என்று சிரித்துவிட்டு உரக்கக் கூப்பிட்டாள். எங்கேயோ தூரத்திலிருந்து அவன் குரல் பதில் சொன்னது. நீளமான பதில், ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனைப் பிடித்தான்.

"அப்பன், சாப்பிட்டியா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா கதைக்கிறன் ராசா."

அவளிடம் திரும்பி ஏதோ கேட்டான். அவள் சொல்லிக்கொடுக்க, ஆங்கிலத்தில் சொன்னான்: "நான் சுகம், நன்றி மேடம்." பள்ளிக்கூடத்தில் பழக்கியிருப்பார்கள். வெளியில் பிள்ளைகள் கத்திக் கூப்பிட்டார்கள், போனை விட்டுவிட்டு ஓடினான். சிரித்துக்கொண்டு ஓடினான், அது தெளிவாகக் கேட்டது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு இரவும் இதற்குத்தான் செபித்தேன்.

சின்னம்மாக்காரி போனை வைக்கவில்லை. நல்ல மனுஷி. நன்றாகச் சாப்பிடுகிறான், ஆடு பார்க்கிறான் என்று தட்டித்தடவிச் சொன்னாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள், நீங்கள் யார் என்று.

முன்பு அந்த விடுதியில் வேலை செய்தேன் என்றேன்.