பதினொரு மணி நிழல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்ச் 12, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சங்கீதா வணங்கி எழுதுவது. நானும் ஜீவிதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் திருச்சியில் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதர் துணை. இதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. இவர் துபாய் வேலைக்குக் கிளம்பும்போது ஏஜெண்ட் விமல்ராஜ் என் போனை வாங்கி ஏதோ ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். இவரோடு அதில்தான் பேச வேண்டும், சாதாரணமாகக் கூப்பிட்டால் துபாய்க்குப் போகாது என்றான். நானும் தலையாட்டினேன். இப்போது அந்த போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமக்கூட யோசனையாக இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜீவிதாவின் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருப்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். கமலவேணி டீச்சர் அதில் பூமி உருண்டையை வரவழைத்து, விரலால் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். பாதி உருண்டை வெளிச்சமாக இருக்கும், பாதி இருட்டாக இருக்கும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். தக்காளியைக்கூட விளக்குக்கு முன்னால் பிடித்துச் சுற்றுகிறாள் உங்கள் மருமகள்.

போன வாரம் டீச்சர் புதிதாக ஒன்று செய்யப் போவதாகச் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் போனில் கூப்பிட்டு, போர்டில் பெரிதாகக் காட்டுவார்கள். அவர்கள் வெயிலில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிற்கவைத்து நிழலைக் காட்ட வேண்டும். அதே நேரத்தில் இங்கே பிள்ளைகளும் அளப்பார்கள். காலை வேளையில் மேற்கே போகப் போக நிழல் நீளும் என்பதுதான் பாடம். ஜீவிதா அப்பா துபாயில் இருப்பதால் வகுப்பிலேயே பெரிய நிழல் தன்னுடையதுதான் என்று இரண்டு நாளாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் தறிக்குப் பாவு நீட்டுகிற இடத்தில் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

வரச் சொன்னார்கள் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். இங்கே பாட்டிலின் நிழல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சிம்ரன் என்று ஒரு பெண், அவளுடைய பெரியப்பா சூரத்தில் இருக்கிறார். அவர் மொட்டைமாடியில் வைத்துக் காட்டினார், முக்கால் பாட்டில் இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். துபாயில் அப்போது மணி ஒன்பதரை, நிழல் பாட்டிலைவிட நீளமாக வர வேண்டும் என்று டீச்சர் முன்கூட்டியே போர்டில் எழுதி வைத்திருந்தார்.

என் போனிலிருந்து கூப்பிட்டதும் இவர் திரையில் வந்தார். எப்போதும் ஒரே வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவார். அன்றைக்கு எப்படியோ வெளியே ஒரு கட்டைச் சுவர் பக்கம் வந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாட்டிலை வைத்தார். நிழல் மூன்றில் ஒரு பங்குகூட நிறைவாக இல்லை, காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பிள்ளைகள் விடுவார்களா? "அங்கிள், தப்பு தப்பு! எங்களுதைவிடச் சின்னதா இருக்குது!" என்று ஒரே கூச்சல். ஜீவிதா முகம் சிவந்துபோய், "அப்பா, பாட்டிலை நேரா வச்சியாப்பா?" என்று கேட்டாள்.

இவர் பிள்ளையைப் பார்க்கவில்லை அண்ணா, என்னைப் பார்த்தார். "சங்கீதா, வெயில் எங்க வுழுதுன்னு பாத்துக்கோம்மா" என்றார். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். அதற்குள் யாரோ ஒருவருடைய கை திரையின் குறுக்கே வந்தது, கட் ஆகிவிட்டது.

அந்த வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை. எங்கள் தறிக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காலையில் அதன் வெயில் சுவரில் இருக்கும், ஜரிகைப் பெட்டிக்கு வரும், உச்சிவேளைக்கு நெய்கிறவர் மடியில் விழும். பதினான்கு வருஷமாக நாங்கள் கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டதில்லை. வெயில் எங்கே விழுகிறது என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் சோறு எடுத்து வைப்பார். இவர் இருக்கும் இடத்தில் அப்போது மணி ஒன்பதரை இல்லை, உச்சிவேளை. அதைத்தான் அத்தனை பேருக்கு நடுவில் எனக்குச் சொன்னார்.

பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு டீச்சர் கதவைச் சாத்தினார். போர்டில் உருண்டையைக் கொண்டுவந்து, நமக்குப் பதினொரு மணியாக இருக்கும்போது உச்சிவெயில் எந்த ஊர்களில் என்று ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு துபாய் பக்கமே போகவில்லை. நமக்குக் கிழக்கே, கடலைத் தாண்டி, பர்மா, தாய்லாந்து பக்கமாக இறங்கியது.  கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், அடைத்து வைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்களே, அந்தச் செய்தியை நானும் பார்த்திருக்கிறேன். அது யாருக்கோ நடப்பது என்று நினைத்து அப்போது அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லாரும் தப்பு என்று சொன்னதால் ஜீவிதா நோட்டில் முதலில் எழுதிய அளவை ரப்பரால் அழித்துவிட்டு, போர்டில் இருந்த பெரிய அளவை எழுதியிருக்கிறாள். அப்பாவுக்கு மார்க் போய்விடும் என்று பயந்தாளாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய பென்சில் தடம் தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அழித்து எழுதியது டீச்சருக்குக்கூடத் தெரியாது, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணா, அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் நீங்கள்தான். விமல்ராஜ் உங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் பழக்கமானவன், நீங்கள் சொல்லித்தான் இவரை அனுப்பினோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் உங்களையும் ஏமாற்றியிருப்பான். டிக்கெட் நீங்கள் போட்டுக் கொடுத்ததுதானே, அதில் எந்த ஊர் இருந்தது என்று எழுதுங்கள். போலீசிலோ பெரிய அதிகாரிகளிடமோ யாரைப் பார்க்க வேண்டுமோ பாருங்கள். விமல்ராஜிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள். நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தால் அங்கே இவரை என்ன செய்வார்களோ. மூன்று நாளாகத் தறியில் உட்காரவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
சங்கீதா


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்ச் 23, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

சங்கீதா எழுதுவது. இதை உங்கள் அம்மா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். பங்குனி உத்திரத்துக்காக நீங்கள் குளித்தலைக்கு வந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படியுங்கள்.

பன்னிரண்டாம் தேதி அண்ணாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் உங்களிடம் காட்டினாரா என்று தெரியவில்லை. காட்டியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. தினகரன் தம்பி என்று என் வீட்டுக்காரரை வாய் நிறையக் கூப்பிடுவீர்களே, அவர் துபாயில் இல்லை அண்ணி. கிழக்கே எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறார். ஜீவிதா பள்ளிக்கூடத்தில் நிழல் அளந்த பாடத்தில் அது தெரிந்துபோயிற்று. அண்ணாவுக்கு அதையெல்லாம் விவரமாக எழுதி, பிள்ளையின் நோட்டுப் பக்கம் ஒன்றையும் வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

இந்தப் பதினான்கு நாளில் இவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. முன்பு ஞாயிறு தவறாது. கமலவேணி டீச்சரும் நானும் போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தோம். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், மேலே அனுப்புவதாகச் சொன்னார்கள். டீச்சர் மறுநாளே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், ஜீவிதா அப்பா அளந்தது தப்பில்லை, தான் போர்டில் எழுதிவைத்ததுதான் தப்பு என்று சொன்னாராம். ஜீவிதா வீட்டுக்கு வந்து, "அப்ப அப்பா எங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள். ஸ்மார்ட் போர்டில் தேடினால் தெரியும் என்று நினைக்கிறாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று நடந்ததுதான் விஷயம். ஏகாம்பரநாதர் கோயிலில் கொடியேற்றிவிட்டார்கள், தெருவில் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள். விமல்ராஜ் வந்தான். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்து சட்டமாகத் தரையில் உட்கார்ந்தான். தினகரன் நன்றாக இருப்பதாகவும் கம்பெனியில் போன் மாற்றுகிறார்கள் என்றும் சொன்னான். பிறகு ஜீவிதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நிழல் அளந்தியாமே கண்ணு, அழிச்சிட்டு எழுதின பக்கத்தைக் காட்டு பார்க்கலாம்" என்றான்.

 அழித்து எழுதியதை அண்ணாவைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும், "அது மாமா வீட்ல இருக்குது" என்றாள். அவன் சிரித்துவிட்டு, "தெரியும்மா, பாத்துட்டேன்" என்றான். எழுந்து போகும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மாவை அவங்க பாடத்தை மட்டும் நடத்தச் சொல்லுக்கா. அவங்க கணக்குப் போட்டா அங்க கஷ்டப்படறது தினகரன்தான்" என்றான். மனு கொடுத்ததும் அவனுக்குத் தெரியுமோ என்னவோ. அவன் போன பிறகு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜீவிதாவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். குழந்தை மூச்சு முட்டுகிறது என்று சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அண்ணா என் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார் அண்ணி. எதற்குக் கொடுத்தார் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்கப்போய்க் காட்டினாரா, அவனுக்குப் பயந்து காட்டினாரா, இல்லை முதலிலிருந்தே எல்லாம் தெரிந்துதானா? என் கல்யாணத்தில் வேலையாட்களோடு நின்று இலை எடுத்தவர் அவர். அவரைப் பற்றி இப்படி எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் விமல்ராஜ் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். இந்த மாதம் முப்பதாம் தேதி திருச்சியிலிருந்து இன்னும் ஆறு பேர் போகிறார்களாம். "உங்க அண்ணி தம்பி வசந்தும் வர்றாருக்கா, துபாய்தான்" என்றான்.

வசந்துக்கு அண்ணாதான் டிக்கெட் போடுகிறார் என்றால், சொந்த மச்சானையே அனுப்புகிறாரே, அப்படியானால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு நிமிஷம் மனசு லேசாகிறது. அடுத்த நிமிஷமே, தெரிந்தும் நிறுத்த முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டாரோ என்று தோன்றுகிறது. எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்குள் குழப்பம் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை, என் பிள்ளை மேல் ஆணை.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். முதலில் வசந்தைக் கூப்பிட்டு அவன் பாஸ்போர்ட்டை வாங்கி உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவன் கோபித்தாலும் பரவாயில்லை, பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டினாலும் பரவாயில்லை. அது உங்கள் கைக்கு வந்த பிறகு அண்ணாவிடம் கேளுங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிடாதீர்கள் அண்ணி. நான் அப்படித்தான் செய்தேன்.

உங்கள்
சங்கீதா