முதல் கையெழுத்து

அக்கா,

இன்று காலை துறைமுகச் சாலையில் மஞ்சள் பெயிண்ட் வாசனை. நடைபாதை வாயில்களில் நட்டிருக்கும் இரும்புக் குழாய்களுக்கு ஒருவர் புதுப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். மதியக் கூட்டத்துக்குப் பெரிய அதிகாரி வருகிறாராம். நான் சைக்கிளை நிறுத்தி, ஒரு கை மணலை அள்ளி ஈரப் பெயிண்ட் மேல் வீசினேன். "ஏளா, கிறுக்கா ஒனக்கு?" என்று அவர் கத்தினார். "கோவம் ஒங்க மேல இல்ல அண்ணாச்சி, நட்டவன் மேல" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இந்த நடைபாதையைப் போடும் திட்ட அலுவலகத்துக்காரர்கள் நம் தெருச் சமுதாயக் கூடத்தில் முதல் கூட்டம் போட்ட நாள் நினைவிருக்கிறது. நடக்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், வண்டி தள்ளுகிறவர்கள் எல்லாரும் அவரவர் வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம் என்றார்கள். கையால் சுழற்றி ஓட்டும் உங்கள் மூன்று சக்கர வண்டியில் நீங்கள்தான் முதலில் போய் நின்றீர்கள். கோயில் பின்தெருவிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி நாம் வேலை பார்த்த ஆபீஸ் வரைக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தீர்கள். பிறகு மடியிலிருந்த ஒரு சவுக்குக் கம்பை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினீர்கள். வண்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கம்பு.

"சார், இந்தக் கம்பு குறுக்க எங்கன நொழையுதோ அங்கன நானும் நொழைவேன். அவ்வளவுதான் நான் கேக்கது."

"குறிச்சுக்கிட்டேம்மா" என்று சிரித்தார். நல்ல இனிமையான சிரிப்பு. நாசமாய்ப் போக.

வாசலில் ஒரு வெறுந்தாள் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால்தான் டீயும் மக்ரூனும். நம் ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் தொட்டுக்கொள்வது போல ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுவோம். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் மட்டும் தயங்கினீர்கள். "தலைப்புல ஒண்ணும் எழுதலயே ளா?"

"வந்ததுக்கு அடையாளம்க்கா. போடுங்க, டீ ஆறுது" என்றேன். நான்தான் சொன்னேன். நீங்கள் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினீர்கள், முதல் வரியில்.

சில மாதங்களில் பாதை வந்தது. பைக் நுழையக் கூடாதென்று ஒவ்வொரு வாயிலிலும் மூன்று குழாய்கள். உங்கள் வண்டிக்கு நான்கு விரல் இடம் பத்தவில்லை. தண்ணீர்க் குடம் தள்ளும் வண்டியும் மீன் வண்டியும்கூட நுழையவில்லை. முறையிடப் போனோம். இன்ஜினியர் கோப்பைத் திறந்து காட்டினார். அந்த வெறுந்தாளின் தலையில் இப்போது 'பொதுமக்கள் ஒப்புதல்' என்று அச்சாகியிருந்தது.

"நீங்கதானம்மா மொத ஆளா சம்மதிச்சிருக்கீங்க" என்றார், அதே சிரிப்போடு.

செய்தி நமக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. மீன் வண்டிக்கார அம்மா உங்கள் வாசலில் நின்று, "ஒத்தக் கையெழுத்துல எங்க வழிய அடச்சிட்டியே, நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். நீங்கள் மறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. போடச் சொன்னவள் நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

பாதையில் நுழைய முடியாமல், சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டப் பயந்து முதலில் வேலையை விட்டீர்கள். பிறகு தெருவில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தீர்கள். நெஞ்சுச் சளியில் போனீர்கள் என்று டாக்டர் எழுதினார். எழுதட்டும். எனக்குத் தெரியும். அந்த இன்ஜினியரை நான் திட்டும்போதெல்லாம், "வுடுளா, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்பீர்கள். நான் விடவில்லை அக்கா.

இன்று மதியம் இரண்டாம் கட்டப் பாதைக்குக் கூட்டம். அதே ஆள், பதவி உயர்ந்து வந்திருந்தார். வாசலில் அதே போல ஒரு வெறுந்தாள். ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்ப் பேசி வைத்திருந்தேன். தாளின் தலையில், 'வந்தோம். எதற்கும் சம்மதிக்கவில்லை' என்று அழுத்தி எழுதினேன். அதன்கீழ் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். டீயை ஒருவரும் தொடவில்லை.

அவர் ஓடி வந்தார். "என்னம்மா இது? இது வெறும் அட்டெண்டன்ஸ்தான்!"

"அப்ப போன தடவ போட்டது என்னது சார்?"

மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அத இதுல சொல்லுங்க. அக்கா பேரோட சொல்லுங்க."

பெரிய அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் உங்கள் பெயரைச் சொன்னார். நீங்கள் போட்டது வருகைக் கையெழுத்து மட்டும்தான், குழாய்க்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றார். குரல் பிசிறியது. எனக்கு ஆனந்தமாக இருந்தது, மறைப்பானேன். "பின்னால கேக்கல சார், இன்னொரு மட்டம்" என்றேன். இன்னொரு முறையும் சொன்னார். மீன் வண்டிக்கார அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு நான் மைக்கை வாங்கி, அன்று கையெழுத்துப் போடச் சொன்னவள் நான்தான் என்று சொன்னேன். குழாய்களைப் பிடுங்கிவிடும்படி அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டார்.

சைக்கிளை எடுக்கும்போது இன்ஜினியர் பின்னாலேயே வந்தார். "தப்புதாம்மா. மன்னிச்சிருங்க." கண் கலங்கியிருந்தது.

நீங்கள் இருந்திருந்தால் அவர் சொல்லி முடிப்பதற்குள் மன்னித்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றும் விசாரித்திருப்பீர்கள்.

"அக்கா வீட்ல போயிக் கேளுங்க சார்" என்றேன். "பூட்டித்தான் கெடக்கும்."

உங்கள் பங்கு மன்னிப்பைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. என் பங்கு என்னிடமே இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கும் கொடுத்துக்கொள்ள மாட்டேன்.